கறுப்பு டிஸ்க் என் கையில்

இந்த வருஷம் போவதில்லை! முடியாது என்றால் முடியாது! 1986 ஜூலையில் கிராணி மோரிஸ், அதாவது தோட்ட ஆபீஸ் குமாஸ்தா ஆகிய நான் எடுத்த வீர சபதம் இது.

வருஷா வருஷம் மாமியார் பிரிஜெட்டம்மாளைக் கூட்டிக்கொண்டு புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய், நவநாள் ஒன்பதும் அங்கேயே தங்க வேண்டும். எனக்குப் பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் என் நடை சரியில்லை, உடை சரியில்லை, வழுக்கை சரியில்லை என்று ஒன்பது நாளும் மாமியார் வாசிப்பதை எந்த மனுஷன் தாங்குவான்?

அன்னம்மாளே பார்த்து எங்கள் பாடாங் மேஹா தோட்ட ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தார். தலைமை ஆபீஸ் கழித்துவிட்ட கிழட்டுப் பெட்டி. அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. புத்தி முழுக்க ஒரு கறுப்பு டிஸ்கில். அதைச் செருகினால்தான் பெட்டி கண் விழிக்கும். பெட்டிக்குச் சூடு ஆகாதாம். அதற்காகவே தோட்டத்தின் முதல் ஏர்கோன்! ஏர்கோனுக்குக் கீழே ஒரு நாற்காலி. நாற்காலியில் நான்! கேமரன் மலையெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்!

டிஸ்கை தினமும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவேன். நான் இல்லாமல் ஆபீஸ் ஓடக் கூடாது. அதுதான் திட்டம்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த மனைவி ஜெனவீவிடம் போனேன்.

"லீவு கிடைக்காது லா."

"ஏங்க?"

"இந்த டிஸ்க் இல்லாம கம்ப்யூட்டர் எந்திரிக்காது. இதைப் போடத் தெரிஞ்ச ஆளு தோட்டத்துலயே நான் ஒருத்தன்தான்."

"ஐயோ! ரொம்ப சூசாவான வேலையா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் இருக்கிறதே!

"லேசுப்பட்ட வேலையா? லேபல் மேல பார்க்கணும். செருகி, தாழ்ப்பாளைச் சாய்க்கணும். அப்புறம்தான் சுவிட்ச்சு. தேதி கேக்கும், அடிக்கணும். நேரம் கேக்கும், அடிக்கணும். திரையில 'ஏ' வரும். முடிஞ்சது!"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? உனக்கெல்லாம் சொன்னாப் புரியாது!"

"புரியலைங்க" என்று ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். எனக்கு ஒரே குஷி. அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

விழித்தால் மணி எட்டு! யாரும் எழுப்பவில்லை. அலமாரியில் டிஸ்க் இல்லை. வீட்டில் ஜெனவீவ் இல்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சைக்கிளை ஆபீசுக்கு விரட்டினேன்.

ஏர்கோன் அறை. என் நாற்காலி. அதில் ஜெனவீவ்! திரையில் 'ஏ' பளிச்சென்று நிற்கிறது. பக்கத்தில் மானேஜர் தர்மலிங்கம் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"என்ன மோரிஸ்! அன்னம்மாளுக்கு நேர்ந்துக்கிட்டீங்களாமே? ஒன்பது நாளும் கோயில்லயே இருக்கிறதா? என்கிட்ட சொல்ல என்ன கூச்சம்? சாமி காரியத்தைத் தடுத்த பாவம் எனக்கு வேணாம் லா. லீவு கொடுத்தாச்சு!"

"சார்... கம்ப்யூட்டர்..."

"அதான் உங்க வீட்டம்மா இருக்காங்களே! நீங்க வர்ற வரைக்கும் அவங்க பார்த்துக்குவாங்க."

நான் ஜெனவீவைப் பார்த்தேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா மூணு மூட்டையோட பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. குளிரெல்லாம் வெளியே போகுது."