மேஸ்திரியைத் தேடிய மோதிரம்

பெங்களூரிலிருந்து தலைமைப் பயிற்சி தரும் பேராசிரியர் வருகிறார் என்றதும் ஓசூர்ப் பட்டு ஆலையில் ஒரு நூல்கூட ஓடவில்லை. பெண்கள் தலைவாரிக்கொண்டார்கள். ஆண்கள் மீசையை முறுக்கினார்கள். யார் தலையில் தலைமை ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது! சீமைக் கம்பெனிகளில் இப்படித்தான் அதிகாரிகளைப் பொறுக்குகிறார்களாம். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷத்தில் நமக்கும் அந்தப் பாக்கியம்!

வந்தார் ஞானப்பிரபு. கோட்டு, டை, நெற்றி நிறைய விபூதி. நூலில் கட்டிய செப்பு மோதிரத்தை ஒவ்வொரு தலைக்கும் மேலே பிடித்தார். தலைமைச் சக்தி இருந்தால் சுற்றும். இல்லாவிட்டால் சும்மா தொங்கும். பயிற்சி அவ்வளவுதான்.

முதலாளியின் தொந்தி பெருத்த மச்சான் முனிராஜ் தலைக்கு மேல் மோதிரம் பம்பரமாய்ச் சுற்றியது. முந்தின நாள் பேராசிரியருக்கு நாட்டுக்கோழி விருந்து வைத்தவர் முனிராஜ்தான். மோதிரத்துக்கும் மணந்திருக்கும்.

மேஸ்திரி மாதப்பன் தலைக்கு மேல் அது அசையவே இல்லை.

"மாதப்பா, நாளையிலிருந்து முனிராஜ்தான் மேஸ்திரி. நீ வீட்டுக்குப் போ" என்றார் முதலாளி நாராயணப்பன்.

மோதிரத்தை மாதப்பனும் நம்பினார். கொதிக்கும் தொட்டியில் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் பெண்களுக்கு விரல் வெந்தால், அதட்டாமல் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடுகிறவர் அவர். 'அதட்டத் தெரியாதவனுக்கு ஏது தலைமை?' என்று தன்னையே நொந்துகொண்டார்.

நூல் எடுக்கும் சரோஜம்மாள் எழுந்தாள். "ஏங்க சாமி, மோதிரத்துக்குக் கண்ணு இருக்குதுங்களா?"

"கிடையாதம்மா. சக்தியைத்தான் உணரும்."

"அப்ப நாங்க கம்பளி போத்திக்கிட்டு உக்காந்தாலும் கண்டுபுடிச்சிருமில்ல?"

"கோணிக்குள் ஒளிந்தாலும் கண்டுபிடிக்கும்!"

"அப்ப உள்ள போயி காப்பி குடிச்சுட்டு வாங்க."

மார்கழிக் குளிர், கம்பளிக்கா பஞ்சம்? அவர் திரும்பியபோது வாசலில் கம்பளி மூட்டைகளாய் ஒரு வரிசை. சிரிப்பை அடக்கி மூட்டைகள் குலுங்கின. மாதப்பன் மட்டும் தன் கம்பளிக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சிறுத்து ஒடுங்கிய ஒரு மூட்டைக்கு மேல் மோதிரம் செத்துத் தொங்கியது. "இந்த ஆள் கூலி வேலைக்குக்கூட லாயக்கில்லை!"

அடுத்து, அகன்று பருத்த ஒன்று. மோதிரம் சுழன்றது. "இதோ! ஆயிரம் பேரை ஆளப் பிறந்தவர்! நம் முனிராஜ்!"

சரோஜம்மாள் கம்பளியை உருவினாள். தவிட்டு மூட்டையின்மேல் ஒரு பெரிய பூசணிக்காய், கம்பீரமாக.

ஆலையே விழுந்து விழுந்து சிரித்தது. கூலிக்கும் லாயக்கில்லாத மூட்டை தானே எழுந்தது. உள்ளே, தன் சக்தியையும் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்ட முதலாளி!

"மாதப்பா, எங்கய்யா கெளம்புற? தொட்டியில தண்ணி ஆறுது, போய்ப் பாரு!" என்றார், முகம் சிவக்க.

நழுவப் பார்த்த பேராசிரியரின் கையைப் பிடித்தவர் மாதப்பன்தான். அடிக்க அல்ல. "வெறும் வயித்தோட போவாதீங்க சாமி. களி கிண்டியாச்சு."

சற்று நேரத்தில் பூசணிக்காயும் குழம்பானது. ஆயிரம் பேரை ஆளாவிட்டாலும் அன்று ஆலை முழுவதற்கும் பசியாற்றியது.

ஆண்டவன் நமக்குத் தலையைக் கொடுத்தது, மேலே எவனாவது மோதிரம் தொங்கவிடுவதற்கு அல்ல. உள்ளே இருப்பதைக் கொஞ்சம் செலவழியுங்கள். இல்லாவிட்டால் பூசணிக்காயே மேல், குழம்புக்காவது ஆகும்.