பென் டிரைவில் ஒரு கடற்பசு

"என்னங்க, நகல்ல பென்குயின் படம்தான் இருக்கு. ஆவுளியாவக் காணோமே?"

மனைவி செலின் கேட்டதும் அல்போன்ஸ் நகலை மறுபடி திறந்து தேடினான். அபர்டீன் பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் அவன். போன வாரம், அந்தி மங்கலில், படகு ஜெட்டியிலிருந்து ஆவுளியா என்கிற கடற்பசு ஒன்றை வீடியோ எடுத்திருந்தான். கலங்கிய நீரைப் பிளந்து எழும் கரிய, அகன்ற முதுகு. புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. மறுபடி ஆழம். எத்தனை முறை பார்த்தாலும் அவனுக்கு மயிர்க்கூச்செறியும். செலின் சிலுவை போட்டுக்கொள்வாள்.

செல்போன் செத்துவிட்டதால் வீடியோ இருப்பது இந்தப் பென் டிரைவில் மட்டும்தான். அதை வாங்கிப்போக சாயங்காலம் வனத்துறை அதிகாரி வருகிறார். அதற்குள் லினக்ஸில் ஒரு நகல் எடுத்து வைக்கலாமென்று உட்கார்ந்தான். டிரைவோ மூன்று அறைபோல மூன்று பார்ட்டிஷனாகப் பிரிந்து கிடந்தது. அவன் பென்குயின் படம் இருந்த முதல் பார்ட்டிஷனை மட்டும் எடுத்திருக்கிறான். ஆவுளியா மூன்றாவதில்.

"அந்த வீடியோவ மட்டும் காப்பி பண்ணுனா போதாதா?"

"அது சின்னப் பிள்ளைங்க வேலை. எடுத்தா முழு டிரைவையும் எடுக்கணும். காலி இடத்தக்கூட விடக் கூடாது."

"காலி இடத்த வச்சு என்ன செய்யப் போறீங்க?"

அவன் நகலெடுக்க ஆரம்பித்தான். லேப்டாப்பில் இடம் போதவில்லை. எதையோ அழித்தான்.

"என்னத்த அழிச்சீங்க?"

"உன் தம்பி கல்யாண வீடியோ."

"எந்தத் தம்பி?"

"இருக்கறதே ஒரு தம்பிதானே!"

அப்படியும் இடம் பற்றவில்லை. அலமாரியில் கிடந்த பெரிய பென் டிரைவை எடுத்துச் செருகி, முழு டிரைவையும் அதில் அப்படியே இறக்கினான்.

"அதுல சர்ச் பாட்டுக் குழுவோட கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் இருந்துச்சே!"

"இருந்துச்சு" என்றான் அல்போன்ஸ், ஈனஸ்வரத்தில்.

கடைசியில் இரண்டு டிரைவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டளையைத் தட்டினான். திரை மௌனமாக இருந்தது.

"ஒண்ணும் சொல்லலையே?"

"எல்லாம் சரியா இருந்தா லினக்ஸ் வாயே திறக்காது."

"ரொம்ப நல்ல பழக்கம்."

நகலில் மூன்றாவது பார்ட்டிஷனைத் திறந்தான். அதே நீர், அதே முதுகு, அதே பெருமூச்சு. தம்பி கல்யாணம், கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாம் மறந்து செலின் சிலுவை போட்டுக்கொண்டாள். இத்தனை பெரிய உயிர் விரல் அளவுத் தகட்டுக்குள் இரண்டாவது முறை பிறந்துவிட்டதே என்று அவன் கண் கலங்கியது.

சாயங்காலம் அதிகாரி வந்தார். அக்கம்பக்கமும் திரண்டது. முதுகு எழுந்ததும் அவர், "அரே வாஹ்!" என்று நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். கோயிலுக்குள் நிற்பதுபோல் அத்தனை பேரும் கைகூப்பி நின்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, திரையை உற்றுப் பார்த்தாள்.

"ஐயே, இது எங்க வீட்டுக்காரரு முதுகுல்ல! பல்செட்டு கடல்ல விழுந்துட்டுதுன்னு போன வாரம் முங்கி முங்கித் தேடுனாரு!"