நான்கு நிமிடம்

மனித குலம் காத்திருப்பை வெல்லப் பல நூற்றாண்டுகளாகப் போராடி வந்தது. கடைசியில் வென்றது ஒரு பெரிய மருத்துவமனையின் 'தர மேம்பாட்டுக் குழு'. அதுவும் பதினேழே கூட்டங்களில்.

முன்பெல்லாம் அந்த மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஆகும். வாசலில் தொங்கும் பெரிய வரைபடத்தில் இந்த அவமானம் சிவப்புக் கோடாக உச்சியில் தொடங்குகிறது. பிறகு மலையிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி இறங்கி, பச்சையாகி, 'நான்கு நிமிடம்' என்ற இடத்தில் படுத்துவிடுகிறது. ஆறு மாதமாக அங்கேயே படுத்திருக்கிறது. 'நிலைநிறுத்தப்பட்ட தரம்' என்று கீழே எழுதியிருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர் ஒருவர் உண்டு. திருகாணி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். வரைபடம் என்றால் அவருக்கு உயிர். இரண்டு வாரத்துக்கு முன் அந்த வழியாகப் போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கி, பக்கத்தில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். அதனால்தான் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்த அன்று காலை, தெருக்கோடி கிளினிக்கைத் தாண்டி இவ்வளவு தூரம் கூட்டி வந்தார்.

"பக்கத்துலயே காட்டியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி, ஆட்டோவில்.

"அங்க ஒரு மணி நேரம் உக்கார வைப்பான். இங்க நாலு நிமிஷம். கோடு போட்டு வச்சிருக்கான்."

"கோட்டை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

ஏழரை மணிக்கு இறங்கினார்கள். முற்றத்தில் அறுபது எழுபது பேர் வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். காலில் மாவுக்கட்டு போட்டவர், வயிற்றைப் பிடித்தவர், குழந்தையைத் தோளில் சாய்த்தவள், எல்லோரும் ஒரே திசையில். முற்றத்தின் கோடியில் ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு அப்பால் ஏசி கூடம், வழுவழு நாற்காலிகள். ஒன்றில்கூட ஆள் இல்லை.

பரிசோதகர் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி கதவருகே நின்றார். உடனே கழுத்தில் கடிகாரம் தொங்க ஓர் இளைஞர் ஓடி வந்தார். அவர் தர அதிகாரி. நடப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஸ்டாப்வாட்ச்'.

"ஐயா, நிக்காதீங்க, நடங்க. நின்னா காத்திருக்கிற மாதிரி தெரியும்."

"காத்துக்கிட்டுத்தானே தம்பி இருக்கோம்?"

"மெதுவா பேசுங்க ஐயா. உள்ள குழு உக்காந்திருக்கு, கேட்டா மனசு உடைஞ்சிடுவாங்க."

"டோக்கன் எங்க வாங்கணும்?"

"டாக்டர் முன்னாடி ஸ்டூல் காலியானதும் நாங்களே கூப்பிட்டுக் குடுப்போம். டோக்கன் அடிச்ச நிமிஷத்துல இருந்துதான் நீங்க நோயாளி. அங்கிருந்து நாலு நிமிஷம், ஒரு நொடி தாண்டாது."

"அதுவரைக்கும் நாங்க யாரு?"

ஸ்டாப்வாட்ச் மரியாதையாகச் சிரித்தார். "வளாகப் பார்வையாளர்."

திட்டத்தின் நேர்த்தி பரிசோதகருக்கு மெல்லப் புரிந்தது. முதலில் பெஞ்சுகள் இருந்தனவாம். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் காத்திருப்பவர்களாகவே காட்சியளித்ததால், ஒன்பதாம் கூட்டத்தில் பெஞ்சுகளை எடுத்தார்கள். சனங்கள் நின்றார்கள். பதின்மூன்றாம் கூட்டத்தில் 'நடைபாதை நலத் திட்டம்' நிறைவேறியது. நடக்கிறவனைப் பார்த்துக் காத்திருக்கிறான் என்று எந்த ஆய்வுக் குழுவாலும் சொல்ல முடியாது.

நடந்தார்கள்.

"உங்க ஃபேக்டரியில கழிச்சுப் போட்ட ஸ்க்ரூ எல்லாம் இப்படித்தான் சுத்துமா?" என்றாள் மனைவி. பாதி வாக்கியத்தில் ஒரு முறை நின்று மூச்சு விட்டாள்.

"பேசாம நடம்மா."

"பேசாம இருந்தா நடக்க முடியலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே."

மாவுக்கட்டுக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அக்கா, மூணாவது சுத்துல இருந்து பழகிடும். நான் கால் உடைஞ்சதுக்குத்தான் வந்தேன். இப்போ தொப்பை குறைஞ்சிருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போயிற்று. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. பரிசோதகர் அவளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடினார். அங்கே வாசலில் ஒரு மேற்பார்வையாளர் அம்மா, பூட்டிய கதவுக்கு முன்னால் சாந்தமாக நின்றிருந்தார். தலைக்கு மேலே பலகை: 'இம்மாத உயிரிழப்பு: பூஜ்யம்.'

"அம்மா, என் மனைவிக்கு மூச்சு முட்டுதும்மா. உதடு நீலமாயிருச்சு."

"நீலமா?" அந்த அம்மாவின் முகம் வாடியது. "ஐயா, தப்பா நினைக்காதீங்க. மாசம் முடிய ரெண்டே நாள் இருக்கு. இவ்வளவு நாள் காப்பாத்திட்டோம்."

"யாரை?"

"பூஜ்யத்தைத்தான். நீங்க ஒண்ணாம் தேதி கூட்டிட்டு வாங்க. ராஜ மரியாதையோட பாக்குறோம்."

திரும்பி ஓடி வந்தபோது மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் குந்தியிருந்தார். உதவி செய்கிறார் என்று நினைத்துப் பரிசோதகருக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது.

"அம்மா, உக்காந்தா அது 'காத்திருப்பு'க்குள்ள வந்துடும்மா. சும்மா எழுந்து, ரெண்டடி..."

"தம்பி," என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக. "என்னைக் கணக்குல... எடுத்துக்கோப்பா."

ஸ்டாப்வாட்ச் கெட்டவர் இல்லை. அவர் கண் கலங்கியதை மாவுக்கட்டுக்காரரும் பார்த்தார். ஆனால் ஸ்டூல் காலியாக இல்லை. ஸ்டூல் காலியாகாமல் டோக்கன் அடித்தால் பச்சைக் கோடு எழுந்து உட்கார்ந்துவிடும். ஆறு மாத உழைப்பு. அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி நடக்கும்படி மற்றவர்களுக்கு வழி காட்டினார்.

பரிசோதகர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர்களைச் சுற்றி அந்த வட்டம் நடந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை. "வீட்டுல கேஸை மூடினீங்களா?" என்று கேட்டாள். "மூடிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு டோக்கன் அடித்தார்கள். கண்ணாடிக் கதவு திறந்தது. பரிசோதகரும் மாவுக்கட்டுக்காரரும் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஸ்டாப்வாட்ச் பொத்தானை அழுத்தினார். டாக்டர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு அவரே எதிரே ஓடி வந்தார். ஒரு நிமிடம் நாற்பது நொடி. அந்த மருத்துவமனையின் சரித்திரத்தில் அதற்கு முன் அப்படி ஒரு வேகம் பதிவானதில்லை.

டாக்டர் நாடியைப் பிடித்தார். அவள் இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எப்போ வந்தாங்க?"

"ஏழரைக்கு" என்றார் பரிசோதகர். "நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

"பதினொன்னு நாற்பத்தெட்டு, டாக்டர்" என்றார் ஸ்டாப்வாட்ச். "ஐயாவும் அம்மாவும் வந்தது ஏழரை. நோயாளி வந்தது பதினொன்னு நாற்பத்தெட்டு."

டாக்டர் பேனாவை எடுத்து ஒரு முறை உதறினார். பிறகு எழுதினார்: 'வரும்போதே உயிர் இல்லை.' வரும்போதே உயிர் இல்லாதவர் அங்கே இறந்தவராக மாட்டார். பூஜ்யம் பிழைத்துக்கொண்டது.

வெளியேறும் இடத்தில் ஸ்டாப்வாட்ச் ஒரு தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

"சங்கடமான நேரம்தான் ஐயா. இன்னிக்கே எழுதிக் குடுத்தாத்தான் இந்த மாசத்துல சேரும். உங்க கருத்து இல்லாம நாங்க முன்னேற முடியாது."

தாளில் வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். கடைசியில் ஒரு கேள்வி: 'எங்கள் சேவையில் எதை மாற்றலாம்?' முப்பத்தோரு வருடம், கோணலான எந்தத் திருகாணியையும் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பாத மனிதர். எழுத எவ்வளவோ இருந்தது. ஒரே வரி எழுதினார்: 'கதவைத் திறந்து வையுங்கள்.'

குழு அந்தக் கருத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. அதற்கென்றே பதினெட்டாவது கூட்டம் கூடியது. இரண்டு மணி நேரம் ஆழ்ந்து விவாதித்தார்கள். திறந்து வைத்தால் ஏசி வெளியே போகும் என்றார் ஒருவர். பொதுமக்களின் குரலை மதித்தே ஆக வேண்டும் என்றார் தலைவர். முடிவில் அதைக் 'கட்டடப் பராமரிப்பு' என்று வகைப்படுத்தித் தச்சரிடம் அனுப்பினார்கள். தச்சர் அன்றே வந்து கீலுக்கெல்லாம் எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

பெரியவரின் கோரிக்கை நிறைவேறிவிட்டது. அந்தக் கதவு இப்போது வெளியே யாருக்கும் கேட்காதபடி மூடுகிறது.