மேற்கே திரும்பும் வேல்

துபாய்க்கு வழி தெரிய வேண்டுமா? பாரிமுனை ஏஜென்டுகளிடம் எதற்கு அலைகிறீர்கள், வடசென்னைக் காலடிப்பேட்டைக்கு வாருங்கள்! 2003-ஆம் வருடம் அங்கே ஒரு வேல் விசா கொடுத்துக்கொண்டிருந்தது. பட்டுத்துணி போர்த்திய குட்டை மேசை. மேலே உங்கள் பாஸ்போர்ட். அதற்கும் மேலே நூலில் தொங்கும் விரல் நீள வேல். முனை மேற்கே திரும்பினால் விசா நிச்சயம். திரும்பாவிட்டால் பாஸ்போர்ட்டுக்கு நாற்பத்தெட்டு நாள் பூசை, காணிக்கை தனி. மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார் விசா சாமியார் பக்தவச்சலம். மூட்டு வலியாம். ஊரையே வெளிநாட்டுக்கு அனுப்பும் இந்த மகான், கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதில்லை.

வெல்டர் வெற்றியைத் துபாய்க் கம்பெனி ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஏஜென்டிடம் பாஸ்போர்ட் கொடுத்தால் வேலை. தவறினால் அடுத்த ஆளுக்கு. நம்ம ஆள் சும்மா இருந்தானா? சாமியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தான். வேல் கிழக்கே திரும்பியது. கிழக்கே கடல்தான் இருக்கிறது! பாஸ்போர்ட் பூசைக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவனை இழுத்துக்கொண்டு மனைவி பவானி வந்தாள். சாத்தாங்காட்டில் பழைய இரும்பு பிரிக்கிறவள்.

"சாமி, இன்னிக்கு வுட்டா வேலை பூடும். பாஸ்போர்ட்ட குடு."

"பூசை முடியாம எடுத்தா ப்ளேனு வுழுந்துடும்மா."

"சாமி சொல்றத கேளு மே!" என்று வெற்றி கன்னத்தில் போட்டுக்கொண்டான். பவானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, என் கண்ணு முன்னால இன்னொரு தபா கேளு."

பாஸ்போர்ட் மேசைக்கு வந்தது. பவானி குனிந்து வேலின் முனையை உற்றுப் பார்த்தாள். தங்கப் பூச்சு உரிந்த இடத்தில் துரு. இரும்பைப் பற்றி அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? இடுப்புப் பையிலிருந்து எதையோ எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வேல் சடக்கென்று அவள் பக்கம் திரும்பியது. அவள் மேசையைச் சுற்றி நடந்தாள். வேல் முனையும் தழையைக் கண்ட ஆடு மாதிரி அவள் பின்னாலேயே திரும்பியது.

"தாயே!" விசா கேட்டு வந்திருந்த கூட்டம் அவள் காலில் விழுந்தது. முதலில் விழுந்தது கட்டின புருஷன். இந்த ஊரில் சாமி ஆவது அவ்வளவு சுலபம்!

"எழுந்திரிய்யா, அசிங்கமா கீது!" பவானி கையை விரித்தாள். "காந்தம். குப்பையில இரும்பு பொறுக்குற காந்தம். சாமி அத எங்க வெச்சிக்கினு கீறாருன்னு பாக்கலாமா?"

துணிக்கு அடியில் கையை விட்டாள். டொக்! இழுத்தாள். சாமியாரின் கால் கட்டைவிரல் வெளியே வந்தது, அதில் கட்டியிருந்த இன்னொரு காந்தத்தோடு.

"ஓடுய்யா, பஸ்ஸ புடி!" பாஸ்போர்ட்டைப் புருஷன் கையில் திணித்துத் தள்ளினாள். வெற்றி ஓடினான். சாமியார் அவனையும் முந்திக்கொண்டு ஓடினார், மூட்டு வலி பூரண குணம்.

எல்லோரும் தங்கள் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி வந்தான். "யக்கா, அந்தக் காந்தத்த என் பாஸ்போர்ட்டு மேல ஒரு தபா வெச்சிக் குடேன்."

பவானி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பாஸ்போர்ட்டு மேல இன்னாத்துக்கு? உன் மண்டையில வெக்கிறேன், குனி. ஒட்டிக்கிச்சின்னா உள்ள இரும்பு. ஒட்டலன்னா மூளைதான் கீது. அத்த எடுத்து கொஞ்சம் யோசி நைனா!"