ஒட்டறை தட்டிய மாமிக்கு ஒரு திருத்தம்

கொட்டாஞ்சேனை,
மாடி வீடு, முதலாம் தட்டு,
செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய சினிமாப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் கந்தோரில் கூட வேலை செய்யும் பிள்ளைகளும், படம் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போகாமல் சுகமாக இருக்க இறைவனை மன்றாடி இதை எழுதுவிக்கிறேன். எழுதுவிக்கிறேன் என்பதைக் கவனிக்கவும். கையெழுத்து எங்கள் மேல்வீட்டுச் சின்னராசா அண்ணனுடையது. அவர் வடக்கில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். சொல்வது நான், சே. புஷ்பராஜ், துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் டாலி கிளாக். பட்டியலில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதே என் உத்தியோகமாக இருந்தது. நாலு வருடமாக இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, ஆறு கிழமைக்கு முன் ஒப்பரேஷனும் முடிந்து, இன்னும் எல்லாம் புகைமூட்டமாகவே தெரிகிறது. டொக்டர் பொறுக்கச் சொல்லியிருக்கிறார், பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஞாயிறுக்கு முன் தங்கள் பக்கத்தில் 'நடுவரிசை' என்ற புனைபெயரில் ஒருவர், அண்மையில் வந்த மூன்று படங்களைப் பற்றி எழுதியிருந்தார். மூன்றும் பிழை. அபிப்பிராயம் பிழை என்றால் நான் வாய் திறக்கமாட்டேன், அது அவரவர் இஷ்டம். ஐயா, கதையே பிழை. அதை வாசித்த நாளிலிருந்து என் மனைவி டோரின் என்னோடு தியேட்டருக்கு வரமாட்டேன் என்று நிற்கிறா. தாங்கள் ஒரு திருத்தம் போட்டால் வருவா. போடாவிட்டால் என் வியாழக்கிழமை அவ்வளவுதான்.

வியாழக்கிழமை என்றால் என்னவென்று சொல்லவேண்டும். கண் மங்கத் தொடங்கிய காலத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் பகல் சாப்பாடு முடிய நானும் டோரினும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய் இரண்டரை மணிக் காட்சி பார்ப்போம். ஏறின உடனே கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று முன்னுக்குத் தள்ளுவான், டோரின் என் கையை இறுக்கிக்கொண்டு "மல்லி, மே மஹத்தயாட்ட எஸ் பேன்னே நே" என்று எனக்குக் கண் தெரியாததைச் சிங்களத்தில் பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லுவா, யாராவது எழும்பி இடம் விடுவார்கள், அவ நின்றுகொண்டே வருவா. தியேட்டரில் நான் படம் பார்ப்பதில்லை, கேட்பேன். என் வலது காது கிரேன் சத்தத்தில் எப்போதோ போய்விட்டது. இடது காது டோரினுக்கு. யார் வருகிறார்கள், என்ன உடுத்திருக்கிறார்கள், எந்தக் கப்பில் தேத்தண்ணி குடிக்கிறார்கள், எல்லாம் சொல்லிக்கொண்டே வருவா. குடும்பப் படமென்றால் இதற்கு விடமாட்டார்கள், மூச்சு விட்டாலே 'ஷ்' என்பார்கள். ஒருநாள் பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று திரும்பி, "அன்ரி, மிச்சத்த வீட்ட போய்ச் சொல்லுங்களேன்" என்றும் கேட்டுவிட்டது. ஆகவே பெரும்பாலும் பேய்ப்படத்துக்குத்தான் போவோம். அங்கே ஊரே கத்தும், அதற்குள் டோரின் கதைப்பது யாருக்குக் கேட்கப்போகிறது? நாலு வருடத்தில் எனக்கு ஒரு பேய்ப்படத்திலும் பயம் வந்தது கிடையாது. இந்தக் காலத்தில் எவ்வளவு அன்பான பேய்ப்படங்கள் எடுக்கிறார்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன்.

முதலாவது, 'எட்டாம் மாடி லிஃப்ட்'. செத்துப்போன பெட்டை ஒருத்தி லிஃப்டுக்குள் நின்று ஆட்களை இழுத்துக்கொண்டு போகிறாள் என்று நடுவரிசை எழுதுகிறார். கிடையாது. அந்த லிஃப்ட் ஏழு மாதமாகப் பழுது. பெட்டை, வீட்டுக்காரர் சங்கத்துக் காரியதரிசி. ஒவ்வொருவராகக் கையில் பிடித்துக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், போனவர்கள் திரும்பி வராததற்குக் காரணம் கூட்டம் முடியாததுதான். தியேட்டரில் எல்லோரும் கத்தினார்கள். பாவங்கள், அவர்களும் மாடியில் குடியிருக்கிற சனம்போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் லிஃப்டும் போன தைப்பொங்கலிலிருந்து நிற்கிறது. இப்படி ஒரு சமூகப் படம் வந்து நான் கேட்டதில்லை.

இரண்டாவது, 'கூரையில் ஒருத்தி'. வெள்ளைச் சீலை உடுத்த ஆவி ஒன்று, தலைமயிர் முகத்தை மூட, வாயில் இரத்தத்தோடு, பின்பக்கமாக நடந்து, சுவரில் ஏறி, கூரையில் ஊர்கிறது என்று எழுதி, போதாததற்கு 'இரத்தம் உறையும்' என்றும் எழுதியிருக்கிறார். ஐயா, அது அந்த வீட்டில் செத்துப்போன தகப்பனாரின் தங்கச்சி. சிலாபத்து மாமி. அவருடைய முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தவ, துக்க வீடென்றபடியால் வெள்ளைச் சீலை. முழுகிவிட்டுத் தலையை விரித்துவிட்டிருக்கிறா. வாயில் வெற்றிலை. தரையைக் கழுவிக்கொண்டு வந்தால் எவரும் பின்பக்கமாகத்தான் நடப்பார்கள், நடுவரிசை வீட்டில் ஒருநாளும் தரை கழுவியதில்லைபோலும். கூரைக்கு ஏறியது ஒட்டறை தட்ட. சாவு வீட்டில் யாரும் கூட்டிப் பெருக்காமல் விட்டிருக்கிறார்களே என்று அந்த மனிசி படுகிற பாட்டைக் கேட்டு நான் கண் கலங்கினேன்.

மூன்றாவது பேய்ப்படமில்லை, 'மீதிச் சோறு'. வெளிநாட்டில் இருக்கிற மகனுக்காக ஒரு தகப்பன் தினமும் இரவில் ஒரு பீங்கானில் சோறு போட்டு மூடி வைக்கிறார். கடைசியில் மகன் வருகிறபோது தகப்பன் இல்லை, வெறும் கதிரைதான் இருக்கிறது என்கிறார் நடுவரிசை. முழுப்பொய். மகன் வருகிறான், கதவைத் தட்டுகிறான், தகப்பன்தான் திறக்கிறார், இரண்டு பேரும் அந்தச் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறார்கள், வெளியில் மழை. டோரின் ஒவ்வொரு கவளமாகச் சொன்னா. எனக்கு முன்னால் இருந்த பெரிய மனிசன் ஒருவர் சந்தோஷத்தில் மூக்குச் சிந்தியது என் கெட்ட காதுக்கே கேட்டது. எங்கள் மகன் டெரன்ஸும் மெல்பேணில்தான். ஆறு வருடம். அது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத விஷயம்.

இனி நடந்த சங்கதி. அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து இருக்கிறேன், சின்னராசா அண்ணன் பேப்பரோடு இறங்கி வந்து, தபால் கந்தோர்க் குரலில் மூன்று விமர்சனத்தையும் சத்தமாக வாசித்தார். குசினியில் டோரின் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. வாசிக்க வாசிக்க அந்தத் திருவுகிற சத்தம் நின்றுபோனது. இவர் அதைக் கவனிக்காமல், "என்ன புஷ்பராஜ், பேய் கூரையில ஊருதாம், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே!" என்றார். நான், "எந்தப் பேய்? அது மாமியெல்லோ!" என்றேன். மனிசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இரண்டாம் தட்டுவரை கேட்டிருக்கும். (இந்தக் கடிதத்தை எழுதித் தருவது அந்தக் குற்றத்துக்கான பரிகாரம். எனக்கு எப்படித் தெரியும்? - சி.) டோரின் கையில் தேங்காய்ப்பூவோடு வாசலில் வந்து நின்று, "ஓம், மாமி இல்ல, பேய்தான். நான்தான் பொய்க்காரி. இனிப் படமும் வேணாம், கதையும் வேணாம். சின்னராசா அண்ணனோட போங்க, அவர் உள்ளத உள்ளபடி சொல்லுவார்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா.

போனேன் ஐயா, அந்த வியாழனே போனேன். முப்பத்தைந்து வருடம் தந்தி அனுப்பிய மனிசனோடு பேய்ப்படத்துக்குப் போகக்கூடாது. "பெண் வருகிறாள். போகிறாள். இருட்டு." ஐந்து நிமிடம் சத்தமில்லை. "கதவு." பிறகு பத்து நிமிடம் சத்தமில்லை. என்ன நடக்குது அண்ணை என்று கேட்டால், "விசேஷமில்லை" என்கிறார். அந்த நேரம் சனம் கதிரையில் ஏறி நின்று கத்துகிறது! (ஒப்புக்கொள்கிறேன். - சி.) இடைவேளையோடு எழும்பி வந்துவிட்டோம்.

வீட்டிலோ கதை பேச்சில்லை. முந்தி பேப்பரை முன்பக்கத்திலிருந்து கடைசிவரை எனக்கு வாசிப்பவ, இப்போது மரண அறிவித்தல் மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைக்கிறா. ஆகையால் அடுத்த ஞாயிறு, 'கூரையில் ஒருத்தி படத்தில் வருவது ஆவி அல்ல, மாமியே. மற்ற இரண்டு கதைகளும் திருமதி டோரின் புஷ்பராஜ் சொன்னபடியே சரி. தவறுக்கு வருந்துகிறோம்' என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் போடும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். முடியுமென்றால் நடுவரிசையை மூன்று படத்தையும் இன்னொருமுறை பார்க்கச் சொல்லவும், இந்தமுறை பெண்சாதியோடு.

தங்கள் பக்கம் நீடூழி வாழவும், நல்ல படங்கள் நிறைய வரவும், தங்கள் வீட்டு லிஃப்ட் பழுதாகாமல் இருக்கவும் மன்றாடி, சின்னராசா அண்ணனின் விசாரிப்புகளையும் சேர்த்து முடிக்கிறேன்.

இங்ஙனம்,
பணிவுள்ள வாசகன் (இப்போதைக்குக் கேட்போன்),
சே. புஷ்பராஜ்

பி.கு.: ஐயா, கையெழுத்து மாறியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இது என்னுடையது. சின்னராசா அண்ணன் முத்திரை எடுக்க மேலே போயிருக்கிறார், டோரின் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருக்கிறா, அதற்குள் எழுதுகிறேன். கோடு தவறாமல் எழுதுகிறேன் பாருங்கள். எனக்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறது. டொக்டர் பொறுக்கச் சொல்லவேயில்லை, "அங்கிள், இனி நீங்க கார் ஓடலாம்" என்றார்.

'கூரையில் ஒருத்தி'க்குப் போனது ஒப்பரேஷனுக்குப் பிறகு. எல்லாம் தெரிகிறது என்பதை இடைவேளையில் சொல்லி டோரினைத் திகைக்க வைக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நாலு வருடத்துக்குப் பிறகு திரையைப் பார்க்கிறேன், கழுத்து முறிந்த ஒருத்தி தலைகீழாகக் கூரையில் ஊர்கிறாள். ஐயோ ஆண்டவரே என்று இந்தப் பக்கம் திரும்பினால், டோரின் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு இருக்கிறா. இடைக்கிடை ஒரு கண்ணை அரைவாசி திறந்து பார்ப்பா, உடனே மூடிக்கொள்வா. உதடு நடுங்குது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "மாமி இப்ப ஒட்டறை தட்டுறா" என்று என் காதில் சொல்லுறா. நாலு வருசமா இந்த மனிசி பேயெண்டாப் பயந்து செத்துக்கொண்டுதான் எனக்குப் படம் காட்டியிருக்கிறா. நான் எப்பிடி ஐயா வாயைத் திறக்கிறது? கண் தெரியுதெண்டு சொன்னா அந்தக் குரல் நிண்டுபோகும். சொல்லேல்ல.

ஒப்பரேஷனுக்கு முதல் கேட்ட 'மீதிச் சோறு' இன்னும் நாளுக்கு ஒரு காட்சி ஓடுது. கிளினிக்குக்குப் போறன் எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போன திங்கட்கிழமை தனியப் போய்ப் பார்த்தன். நடுவரிசை எழுதினதுதான் சரி. வெறும் கதிரைதான். அதில பயப்பட ஒண்டுமில்ல, அவ கண்ணை மூடியிருக்கமாட்டா. முழுக்கப் பார்த்து, அழுகையை அடக்கிக்கொண்டு, எனக்காக அந்தத் தகப்பனை உயிரோட வச்சிருக்கிறா. நான் முன்சீற்று மனிசன் மாதிரி மூக்குச் சிந்தினன்.

ஆகவே விமர்சனம் மூன்றும் சரி. இருந்தாலும் திருத்தத்தைப் போடவும். கெதியாகப் போடவும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை டோரின் மீனில் முள் எடுக்காமல் பீங்கானை என் முன்னால் வைத்தா. நான் ஞாபகமில்லாமல் ஒரு முள் விடாமல் எடுத்து ஓரத்தில் அடுக்கிவிட்டேன். அவ அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு இருந்தா. இன்றைக்கும் ஆறாவது செவ்வாயாக என் கண்ணுக்காக மெழுகுதிரி கொளுத்தப் போயிருக்கிறா. அந்தோனியார் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ

ஐயா, டோரின் வந்துவிட்டா. பின்னால் நின்று முழுவதையும் வாசித்துவிட்டா. பேனையை வைக்கவேண்டாமாம், அவ சொல்லுவதை எழுதட்டாம்.

"கண் தெரியுதெண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும். பஸ்ஸில அந்தப் பச்சைச் சீலைக்காரியைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியாதா? மெழுகுதிரி கொளுத்தினது உங்கட கண்ணுக்கு இல்ல, உங்கட வாய்க்கு. சொல்லுவார், சொல்லுவார் எண்டு ஆறு கிழமை பார்த்தன். வியாழக்கிழமை ஒரு மணிக்கு முதல் வெளிக்கிட்டு நில்லுங்க. புதுப் பேய்ப்படம் வந்திருக்காம். இந்தமுறை நீங்க சொல்லுங்க, நான் கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறன்."

ஆகவே திருத்தம் வேண்டாம் ஐயா. ஆனால் எனக்கு இப்படிக் கதை சொல்லிப் பழக்கமில்லை, உள்ளதை உள்ளபடி எழுதியே பழக்கம். பேய் வருகிற இடத்தில் நான் என்ன சொல்லுவது என்று நடுவரிசையிடம் கேட்டு வியாழனுக்குள் அறியத்தரவும்.