மேனேஜரைத் துண்டோடு பார்த்தவர்கள்

மேனேஜர் என்கிற பிராணியைப் பற்றி ஈரத்துண்டு அண்ணாச்சிக்குத் தெரிந்த அளவுக்கு, அதைப் படைத்தவனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். தென்காசியில் நான் வேலை பார்த்த பஸ் கம்பெனி ஆபீஸில் மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள். அண்ணாச்சி மட்டும் வாசல் பக்கத்து மேஜையில் அப்படியே இருப்பார். அவர் கையில் சிக்காமல் அங்கே வேலைக்குச் சேர்ந்த எவனும் இரண்டாவது மாதத்தைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

அவருக்குத் தபால் அனுப்புகிற வேலை. கவர் ஒட்டுவார், தபால்தலை ஒட்டுவார், நோட்டில் பதிவார். சாரல் நாட்களில் விடியற்காலையில் குற்றாலத்தில் குளித்துவிட்டு நேராக ஆபீஸுக்கு வந்து, பிழிந்தும் பிழியாத துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் வரை அது அவர் தோளிலேயே காயும். சொட்டுகிற தண்ணீர் கவரில் விழுந்து மை கலங்கும். திருநெல்வேலிக் கிளையிலிருந்து ஒரு முறை, "தங்கள் கடிதம் கிடைத்தது. எழுதியவர் எதற்காக அழுதார்?" என்று கேட்டு எழுதினார்களாம். இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவருடைய நிஜப்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம் நான் புளியங்குடியிலிருந்து வந்து அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அப்போதிருந்த மேனேஜர் சாதாரணமாகப் பேசினாலே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். முதல் நாள் என்னைப் பார்த்து, "டிரிப் ஷீட் எங்கேய்யா?" என்று கேட்டார். டிரிப் ஷீட் என் கையில்தான் இருந்தது. நான் "தெரியாது சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கிற பழக்கம் உண்டுமா?"

"உண்டு அண்ணாச்சி."

"அப்ப ஞாயித்துக்கிழமை காலைல மொத பஸ்ஸுக்கு வந்துரு. குத்தாலம் போவோம். மேனேஜரும் அங்கன வருவாரு."

"ஐயோ, நான் வரல."

"ஏலே, அவரப் பாக்கதுக்குத்தாம்லே போறதே!"

போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பேரருவிக்கு முன்னால் இடுப்பில் ஒரு துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, எங்கள் மேனேஜர் குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தண்ணீரில் வைப்பார், உடனே எடுப்பார். வலது கையை மட்டும் இறுக்க மூடியிருந்தார்.

"கையில என்ன அண்ணாச்சி?" என்று காதோடு கேட்டேன்.

"பல்லு. அருவி அடிச்சிட்டுப் போயிரும்லா? கழத்திக் கையில வச்சுக்கிடுவாரு."

மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டார். பல் இல்லாத அந்த வாயிலிருந்து, குழந்தைக் குரலில், "தம்பி, முதுகுல எனக்கு எட்டலை. கொஞ்சம் தேச்சு விடுதியா?" என்று வந்தது. தேய்த்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அகலமான முதுகு.

திரும்பும்போது அண்ணாச்சி சூடாக உளுந்தவடை வாங்கிக் கொடுத்துத் தம்முடைய தத்துவத்தை விளக்கினார். "மேனேஜர மொதல்ல நாற்காலியில பாத்தா ஆயுசு பூரா பயந்தான். துண்டோட பாத்துட்டேன்னு வையி, அப்புறம் அவரு கோட்டு மாட்டிக்கிட்டு வந்தாலும் ஒனக்குத் துண்டுதான் தெரியும்."

மறுநாள் மேனேஜர் கத்தினார். நான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். "இந்தாங்க சார் டிரிப் ஷீட்" என்று நீட்டினேன். அவ்வளவுதான், அதன்பின் எட்டு வருஷம் அந்த ஆபீஸில் பயமில்லாமல் காலம் தள்ளினேன்.

இந்தத் தீட்சைக்கு ஒரே சிக்கல், அருவியில் தண்ணீர் வேண்டும். பங்குனியில் ஒருவன் வந்து சேர்ந்தான். பாறை காய்ந்து கிடந்தது. "என்ன செய்ய? ஆனி வரைக்கும் பயந்துக்கிட்டிரு. சாரல் விழுந்ததும் பாத்துக்கிடலாம்" என்று அண்ணாச்சி அவனுக்குத் தவணை கொடுத்தார். பாவம், அவனும் மூன்று மாதம் ஒழுங்காகப் பயந்தான்.

இந்தக் காலத்துக் கம்பெனிகளில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு, விளையாட்டு, பிஸ்கட் எல்லாம் உண்டாம். நல்லதுதான். எங்களுக்கு அருவியும் வடையும் இருந்தன.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கோமதி வரும்வரை. இலத்தூர்ப் பெண், டைப்பிஸ்ட். அந்த ஆபீஸில் காலெடுத்து வைத்த முதல் பெண்பிள்ளை. ஒரு வாரம் பரீட்சை பார்த்துவிட்டு வேலை தருவதாகப் பேச்சு. அவளுடைய அண்ணனும் அந்த ஒரு வாரம்தான் தவணை கொடுத்திருந்தான். வேலை கிடைக்காவிட்டால் திருவேங்கடத்தில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுப்பதென்று பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அவளைவிட இருபது வயது கூட. இதை அவள் எங்களிடம் அழாமல் சொன்னாள். அதுதான் கேட்க முடியவில்லை.

தனியாக இருந்தால் அவள் விரல்கள் மழை பெய்கிற வேகத்தில் ஓடும். மேனேஜர் குரல் கேட்டால் பத்து விரலும் கட்டையாகிவிடும். பர்மிட் விஷயமாக ஜில்லா ஆபீஸுக்குப் போகவேண்டிய ஒரு கடிதத்துக்கு வெள்ளிக்கிழமை ஒன்பது தாள் வீணாயிற்று. மேனேஜர் எழுந்து நின்று, "திங்கட்கிழமை இதே லெட்டர். தப்பில்லாம வந்தா வேலை. வராட்டி வீட்டைப் பாத்துப் போயிரணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அண்ணாச்சி மத்தியானம் சாப்பிடவில்லை. "பொம்பளப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயி அவரத் துண்டோட எப்படிலே காட்ட?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் திடீரென்று துள்ளி எழுந்தார்.

"ஏலே! மேனேஜருக்குச் சம்சாரம் உண்டும்லா! அந்த அம்மாவும் குளிக்கத்தான வருது?"

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியின் மனைவியும் கோமதியும் ஒரு கிண்ணம் எண்ணெயோடு பெண்கள் பக்கம் அனுப்பப்பட்டார்கள். அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் மதினி என்போம். அண்ணாச்சியும் நானும் கடைத்தெருவில், அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணியமாக நின்றோம். மேனேஜர் சம்சாரத்தை மதினி நேரில் பார்த்தது கிடையாது. "செவப்பா, பூசினாப்புல இருப்பா" என்று அண்ணாச்சி சொன்ன அடையாளம்தான். சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் இருப்பார்கள். மதினி முதலில் எண்ணெய் தேய்த்துவிட்டது புனலூரிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு. இரண்டாவது ஒரு போலீஸ்காரர் சம்சாரம். மூன்றாவது முதுகுதான் மேனேஜர் சம்சாரத்துடையது. அதற்குள் கிண்ணம் காலி. அந்த அம்மாளிடமே எண்ணெய் கடன் வாங்கி அவருக்கே கோமதி தேய்த்துவிட்டாளாம்.

ஈரத்தலையோடு வந்த கோமதி ஒரு மாதிரி யோசனையாக இருந்தாள்.

"என்ன தங்கச்சி, அந்த அம்மா என்ன சொல்லுதா?" என்றார் அண்ணாச்சி.

"சாரு மொத மொத வேலைக்குப் போன அன்னைக்கு மத்தியானமே வீட்டுக்கு ஓடியாந்துட்டாராம் அண்ணாச்சி. அவங்கப்பா கையப் பிடிச்சுத் திரும்பக் கொண்டுபோயி விட்டாராம். இப்பவும் ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆச்சின்னா வயித்தப் பெசையுதுன்னு படுத்துக்கிடுவாராம். பயம் வந்தாத்தான் சத்தம் போடுவாராம். வீட்டுல பல்லியப் பாத்தாலும் அந்தச் சத்தந்தானாம்."

பஸ் தென்காசியை நெருங்கும்போது அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "இத்தன வருசமா இது எனக்குத் தெரியாமப் போச்சே. சவம், நான் பல்லத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

திங்கட்கிழமை கோமதி மேனேஜர் அறைக்குள் போனாள். பாதிக் கதவுதான், என் நாற்காலியிலிருந்து எல்லாம் கேட்கும். மேனேஜர் முதல் வரியைச் சொல்லும்போதே கத்தினார். மெஷின் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது கோமதியின் குரல் வந்தது.

"சார், இந்த லெட்டர் சரியாப் போயிச் சேரும். நீங்க உக்காந்து மெதுவாச் சொல்லுங்க. நான் இருக்கேம்லா."

ஆபீஸ் முழுவதும் பேனாக்கள் நின்றன. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, அருவிக்கரையில் நான் கேட்ட அதே குழந்தைக் குரலில், பல்லோடேயே, மேனேஜர் கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மெஷின் ஒரே மூச்சாக ஓடியது. சிறிது நேரத்தில் கோமதி கையெழுத்தான கடிதத்தோடு வெளியே வந்து அண்ணாச்சி மேஜையில் வைத்தாள். "நாளையிலருந்து நிரந்தரம்னு சொல்லிட்டாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அண்ணாச்சி கடிதத்தை எடுக்கவில்லை. அவர் முன்னால் ஒரே கவரில் ஏழு தபால்தலை ஒட்டியிருந்தது.

"பயமா இருந்துச்சா தங்கச்சி?"

"இல்ல அண்ணாச்சி."

"எனக்கு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஏழு தபால்தலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் சேர்ந்த புதிதில், அருவிக்குப் போய்வந்த மறுநாள், அண்ணாச்சி காலையிலிருந்து நாலு தடவை என் மேஜைக்கு வந்து, "கோந்து இருக்காலே?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆபீஸிலிருந்த ஒரே கோந்து பாட்டில் அவர் மேஜையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று ஆபீஸ்களில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மூன்றிலும் நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் முதல் திங்கட்கிழமை, யாராவது கோந்து கேட்டு வரமாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.