வாசலில் வேப்பிலை, கடலில் றீற்றா

இந்தக் காலத்துச் சனத்துக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று சுவக்கின் அடித்துச் சொல்லுவார். அவர் காலத்தில் மனிசன் கப்பலேறினால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் பஞ்சம், இல்லாவிட்டால் ஊரில் பொலிஸ். இப்போது என்னடாவென்றால், ஏறின துறைமுகத்திலேயே திரும்ப வந்து இறங்குவதற்குக் காசு கட்டுகிறார்கள். கேட்டால், காற்று வாங்கவாம். கண்டியில் இல்லாத காற்றா? முன்பின் தெரியாத நூறு பேரோடு ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, அவன் இருமலையும் இவன் சொறியையும் வாங்கிக்கொண்டு வருவதற்குப் பெயர் உல்லாசப் பயணம்!

இந்தப் பைத்தியம் ஊரைப் பிடித்ததில் சுவக்கினுக்குக் கவலையில்லை. அவர் மனைவி றீற்றாவைப் பிடித்ததுதான் கவலை.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் பொயிலர் பார்த்து ஓய்ந்தவர் சுவக்கின். ஓய்ந்தது அவர் மட்டும்தான். கண்டிக்கு வந்து கட்டுக்கலையில் வீடு பிடித்த பிறகு, றீற்றா மூன்று கந்தோர் உத்தியோகத்தர்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டாள். விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டினால் ஊர் அடங்கிய பிறகுதான் அது அணையும். அவள் கைக் கருவாட்டுக் குழம்புக்காக இடமாற்றத்தையே வேண்டாமென்று எழுதிக்கொடுத்த உத்தியோகத்தர் உண்டு. சுவக்கின் இந்த உலகத்தில் சந்தேகப்படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தக் குழம்புதான்.

அப்படிப்பட்டவள், கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருசத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டாள். மலையில் பிறந்து மலையிலேயே வளர்ந்தவள் அவள். கடலைக் கண்ணால் கண்டதில்லை. இலங்கையைச் சுற்றிவரும் கப்பலில் எட்டு நாள் போய்வர வேண்டும். முட்டை விற்றுச் சேர்த்த காசு கையில் இருக்கிறது.

"பக்கத்து வீட்டு அன்னலட்சுமி வந்து சமைச்சுப் போடும். எட்டு நாள்தானேங்க" என்றாள்.

போகாதே என்று சொன்னால் பாவம். பயப்படுத்தினால் தானே அடங்குவாள் என்று சுவக்கின் கணக்குப் போட்டார்.

"கப்பல்னா என்னான்னு தெரியுமாடி ஒனக்கு? நான் இந்தியாவுலேருந்து இந்தக் கரைக்கு வந்தப்ப கப்பல்ல ஒருத்தனுக்கு வாந்திபேதி. எறங்கின ஒடனே எல்லாரையும் காம்புன்னு ஒரு முகாமுல அடைச்சுப்புட்டான். பினாயில் தண்ணியில முக்கி எடுத்தான். வேட்டியை ஆவியில அவிச்சான். ஆறு நாள்! ஒருத்தனும் வெளிய போவக் கூடாது."

அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த றீற்றாவின் கை நின்றது.

"ஆறு நாளும் யாரு சமைச்சது?"

"சர்க்காரு சமைச்சுச்சு. மணி அடிச்சா தட்டைக் கொண்டுபோயி நீட்டணும்."

"தட்டு கழுவுறது?"

"அதையும் அவன்தான் கழுவுவான். நம்ம தொட்டா நோய் ஒட்டுமாம்."

றீற்றா அம்மிக்குத் திரும்பினாள். அரைத்த மிளகாயையே மறுபடி மறுபடி அரைத்துக்கொண்டிருந்தாள். அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று சுவக்கின் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை றீற்றா ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மை தடுக்க அம்மைப்பால் ஊசி குத்திக்கொண்டு வந்து நின்றாள்.

இது வீட்டுப் பேச்சில் அடங்கும் பைத்தியம் இல்லை என்று கண்ட சுவக்கின், அக்குறணைக்கு பஸ் ஏறினார். அங்கே சாமான் கடை வைத்திருக்கும் மக்கீன் ஹாஜியார் மக்கத்துக்குப் போகிற வழியில் கப்பலோடு மறிபட்டவர். அவர் வாயால் கேட்டால் எந்தப் பொம்பிளையும் நடுங்கிப்போவாள். கையோடு அவரைக் கூட்டிவந்து முன்னறைக் கதிரையில் இருத்தினார்.

"பட்ட பாட்டை ஒளிக்காம சொல்லுங்க ஹாஜியார்."

மக்கீன் ஹாஜியார் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"அத ஏன் கேக்கிறீங்க தங்கச்சி! எங்கட கப்பல்ல ஒராளுக்கு அம்ம போட்டிச்சி. எல்லாரயும் கடலுக்கு நடுவுல ஒரு தீவுல எறக்கிட்டாங்க. பத்து நாள்! கடயும் இல்ல, யாவாரமும் இல்ல. காலயில எழும்பினா செய்ய ஒரு வேல இல்ல. சோத்தக் கொணந்து முன்னுக்கு வெப்பாங்க. தின்ற, படுக்கிற. திரும்பவும் தின்ற, படுக்கிற. எனக்குப் பைத்தியம் புடிக்கப் பாத்திச்சி!"

"பத்து நாளும் ஒரு வேலையும் இல்லையா ஹாஜியார்?" றீற்றாவின் குரல் தழுதழுத்தது.

"ஒரு துரும்பத் தூக்க விடல்ல தங்கச்சி."

"ஆண்டவரே!" என்று றீற்றா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

சுவக்கின் ஹாஜியாரைப் பெருமையோடு பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் றீற்றா சேலையை மாற்றிக்கொண்டு கப்பல் ஏஜண்டுக் கந்தோருக்குப் போய், டிக்கட்டும் கையுமாக வந்துவிட்டாள்.

அன்று இராச் சாப்பாட்டுக்கு வந்த பஸ்தியாம்பிள்ளையிடம் சுவக்கின் அந்தக் காகிதத்தை நீட்டினார். பஸ்தியாம்பிள்ளை யாழ்ப்பாணத்தார், நகரசபைச் சுகாதாரப் பரிசோதகர், றீற்றாவிடம் சாப்பிடும் மூவரில் ஒருவர். சோற்றுக் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு வாசித்தார்.

"அண்ணை, இது இலங்கையைச் சுத்துற கப்பல் இல்லை. இந்தியக் கரையைத் தொட்டு வாறது. அந்தப் பக்கம் வாந்திபேதி எண்டு எங்கடை கந்தோருக்குக் கடிதம் வந்திருக்கு. ஒராளுக்கு வயித்துக்குத்து எண்டாலும் முழுக் கப்பலையும் மறிச்சுப் போடுவாங்கள். பன்னிரண்டு நாள் காம்பிலை இருக்கவேணும்."

"கேட்டியாடி? படிச்ச மனுசன் சொல்றாரு!" சுவக்கின் இறங்கி வந்தார். "நான் வேணாங்கல. நீ மொதல்ல சொன்ன கப்பல்லயே போயிட்டு வா. எட்டு நாள். அதுல ஒரு தொல்லையும் இல்ல."

"எடுத்தது எடுத்ததுதாங்க."

"நோய் வந்தா?"

"அம்மைக்கு ஊசி குத்தியாச்சு. வாந்திபேதி தண்ணியில வர்றது. கொதிச்சு ஆறின தண்ணியத்தான் குடிப்பேன். ஈ மொச்ச பண்டம், வெட்டி வச்ச பழம், பச்சை இலை எதையும் தொட மாட்டேன். சவுக்காரம் கொண்டுபோறேன். மிஞ்சி மறிச்சா இருந்துட்டு வர்றேன். கடலு அங்கயும் இருக்குந்தானே?"

பஸ்தியாம்பிள்ளை பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் அவளையே பார்த்தார்.

"அண்ணை, எங்கடை டொக்டர் கூட இவ்வளவு தெளிவாச் சொல்லமாட்டார்."

சுவக்கினுக்கும் உள்ளுக்குள் மலைப்புத்தான். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த பொம்பிளை, நோயைக் கொண்டுவந்து நடு வீட்டில் வைத்து அக்கக்காகப் பிரித்துவிட்டாளே! ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லி வழக்கமில்லை.

"அப்ப நானும் வர்றேன்" என்றார்.

றீற்றாவின் கையிலிருந்த அகப்பை குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. சந்தோசத்தில் விழுந்ததென்று சுவக்கின் எடுத்துக்கொண்டார்.

"நீங்க ஊசி குத்தலியே?"

"மாட்டுச் சீழை என் உடம்புல ஏத்த விடுவேனா? எனக்குத் தெரியும் வைத்தியம்."

வைத்தியம் அன்றைக்கே தொடங்கியது. உள்ளிப்பூண்டையும் கற்பூரத்தையும் சேர்த்தரைத்து, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் பூசி, மேலே துணி சுற்றிக்கொண்டு இரண்டு நாள் கிடந்தார். வீட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவினார். அதிலும் திருப்தி வராமல், கடைத்தெருவிலிருந்து கைநிறைய வேப்பிலை வாங்கிவந்து வாசல் நிலையில் தோரணமாகக் கட்டிவிட்டு, மறுபடி பூசித் துணி சுற்றிப் படுத்தார். கிருமி உள்ளே வரக்கூடாது என்பது அவர் நினைப்பு.

அன்னலட்சுமி, உப்புப் போத்தல் எங்கே, புளி எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ள வந்தாள். வாசலில் வேப்பிலையைக் கண்டாள். பினாயில் வாடை மூக்கில் அடித்தது. உள்ளே துணி சுற்றிக்கொண்டு ஒரு உருவம் முனகியது. சிலுவை கும்பிடும் வேதக்காரர் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கி அந்தத் தெருவில் ஒருவரும் கண்டதில்லை. அப்படிப்பட்டவர்களே கட்டிவிட்டார்கள் என்றால் அம்மை எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும்! வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பிப்போனாள். பால்காரன் செம்பைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போனான். சாப்பிட வந்த உத்தியோகத்தர் இருவர் வாசலைக் கண்டதும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

மூன்றாமவர் வந்தார். சாப்பிட அல்ல. இரண்டு பியோன்மாரோடும் ஒரு டொக்டரோடும் வந்தார்.

"என்னா பஸ்தியாம்பிள்ளை, நீங்களுமா?"

"தெருச்சனம் கையெழுத்து வைச்சுப் பெட்டிசம் போட்டிருக்கு அண்ணை. நான் சாப்பிடுற வீடு எண்டு பேசாமல் விட்டா என்ரை வேலை போயிடும். துணியை அவிழுங்கோ பாப்பம்."

துணியை அவிழ்த்தார்கள். பூண்டு தன் வேலையைச் செய்திருந்தது. கழுத்து, நெஞ்சு, முதுகு எங்கும் கொப்புளம்.

"இது பூண்டு சுட்டதுய்யா!"

டொக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பஸ்தியாம்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார்.

"அம்மை போலத் தெரியேல்லையாம் அண்ணை. ஆனா இல்லையெண்டு எழுதித்தர மாட்டாராம். ஊசியும் குத்தேல்லை. பதினாலு நாள் வீட்டுக்கை இருக்கவேணும். வாசல்லை காவல் போடுறம்."

"அப்ப கப்பலு?"

"அக்காவின்ரை கையிலை அம்மைப்பால் நல்லாப் பிடிச்சிருக்கு. அவ போகலாம். நீங்கள் ஏலாது."

சுவக்கின் கத்திப் பார்த்தார். காவல்காரனுக்குத் தமிழ் தெரியாது. நோய்க்குப் பயந்து கப்பல் வேண்டாமென்ற மனிசனை வீட்டில் மறித்துவைத்துவிட்டு, நோயைத் தேடிப் போகிறவளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்களே, இதுவும் ஒரு சர்க்காரா!

புறப்படும் காலை றீற்றா சன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"நான் நிக்கட்டுமாங்க?" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. சவுக்காரக் கட்டியும் சின்னக் கேத்தலும் உள்ள பெட்டி அவள் காலடியில் இருந்தது.

அவர் "நில்லு" என்று ஒரு சொல் சொன்னால் நின்றிருப்பாள். அது அவருக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருசமும் அப்படித்தான் நின்றாள்.

"காசு கட்டியாச்சு. போ. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடி."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தாள். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பெரிய துரையின் துரைசாணி நடப்பது போல இருந்தது. தன் பெண்சாதிக்கு இப்படி ஒரு நடை இருப்பதைச் சுவக்கின் அன்றைக்குத்தான் கண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் பார்த்தார்.

பிறகு பசித்தது. முதல் நாள் சோறு கரிந்தது. இரண்டாம் நாள் சோறு கரியவில்லை, வேகவுமில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று காவல்காரன் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். மூன்று பேருக்கு மூன்று வேளை இதை எப்படிச் செய்தாள் என்று சுவக்கின் அடுப்பை ஊதிக்கொண்டே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். விரல் போதவில்லை.

பதினைந்தாம் நாள் காவலை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே செய்தியும் வந்தது. அவர் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது: றீற்றா போன கப்பலை வழியில் மறித்து, எல்லோரையும் காம்பில் இறக்கிவிட்டார்கள்!

சுவக்கின் கப்பல் ஏஜண்டுக் கந்தோருக்குள் புயலாக நுழைந்தார். டிக்கட் எழுதும் கிளாக்கர் முத்துலிங்கம் எழுந்து நின்றான்.

"நான் சொன்னேனா இல்லையா? எங்கடா என் பொண்டாட்டி?"

"அம்மா நல்ல சொகமா இருக்காங்க ஐயா. ஒரே ஒரு ஆளுக்குத்தான் வயித்துப்போக்கு. அவரும் எழும்பிட்டாரு. ஒங்களுக்குக் கடுதாசி கூட வந்திருக்கு. யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க, வாசிக்கவா?" முத்துலிங்கம் உறையைப் பிரித்தான். "'நான் சுகம். இங்கே கட்டில் தந்திருக்கிறார்கள். தேத்தண்ணி கட்டிலுக்கே வருகிறது. சன்னலைத் திறந்தால் கடல். காலையில் ஏழு மணிக்கு எழும்புகிறேன். இன்னும் ஏழு நாள் இருக்கிறது. அன்னலட்சுமியிடம் பருப்புச் சோறு வாங்கிச் சாப்பிடுங்கள். ஊசி குத்திக்கொள்ளுங்கள்.'"

"ஏழு மணிக்கா? றீற்றாவா?" சுவக்கின் சிரித்தார். "பொய்! பக்கத்துல ஒருத்தன் துவக்கோட நின்னு எழுத வாங்கியிருக்கான். காம்பு எப்பிடின்னு எனக்குத் தெரியாதா? ஊர் ஒலகம் தெரியாத பொம்பள. எட்டு நாள் கப்பல் கேட்டு வந்தவளை ஏமாத்தி இந்த நோய்க் கப்பல்ல ஏத்திவிட்டது நீதானே?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. படியிறங்கி வெயிலில் நடந்தார். கடிதத்தையும் நம்பவில்லை, கிளாக்கரையும் நம்பவில்லை, சர்க்காரையும் நம்பவில்லை.

முத்துலிங்கம் வாசலுக்கு ஓடிவந்து அவர் முதுகைப் பார்த்துக் கத்தினான்:

"ஐயோ, நான் எட்டு நாள் கப்பலுக்குத்தான்யா டிக்கட் எழுதினேன்! அம்மாதான் அதைக் கிழிக்கச் சொல்லிட்டு, 'எந்தக் கப்பல்ல போனா ஆளை ரொம்ப நாள் காம்புல வைப்பாங்க, அதுல போடு தம்பி'ன்னாங்க!"